தேய்ந்த சல்லடை

வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட் எந்த பிராண்ட், கம்பி எந்த பிராண்ட் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். ஜல்லிக்கு ஒரே கேள்விதான்: "யூனிட் என்ன விலைங்க?" கான்கிரீட்டில் பாதிக்கு மேல் இடத்தை அடைப்பது ஜல்லியும் மணலும்தான். க.பரமத்தி பக்கத்துக் கிரஷர்களில் ஃபிட்டராகவே காலம் தள்ளியவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

குவாரியில் வெடி வைத்துத் தகர்த்த சக்கைக்கல்லை டிப்பர் கொண்டுவந்து ஹாப்பரில் கொட்டும். அதை முதலில் கடிப்பது ஜா கிரஷர். பாக்குவெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தியது போலிருக்கும். ஒரு தாடை அசையாது, இன்னொன்று முன்னும் பின்னும் ஆடும். மேலே அகலம், கீழே குறுகல் என்பதால் கல் நொறுங்க நொறுங்கக் கீழே இறங்கும். அமெரிக்காவில் நியூ ஹேவன் ஊரில் ரோடு போட ஆட்கள் சுத்தியலால் கல்லுடைத்து மாய்ந்ததைப் பார்த்த எலி விட்னி பிளேக், 1858-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடிப்படை இன்றும் அதேதான்.

தாடையில் மாட்டும் தட்டு மாங்கனீசு எஃகு. 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்தது. சுமார் 12 சதவீதம் மாங்கனீசு சேர்ந்த இந்த எஃகு, அடி விழ விழ மேற்பரப்பில் இறுகிக்கொண்டே போகும். புதுத் தட்டில் அரம் கொஞ்சமாவது கடிக்கும். ஓடிய தட்டில் வழுக்கிவிடும்.

சில சமயம் பொக்லைன் பக்கெட்டின் பல் கழன்று கல்லோடு கல்லாக வந்து தாடைக்குள் சிக்கும். அப்போது பின்னாலிருக்கும் டாகிள் பிளேட் பட்டென்று உடையும். ஓனர் ஓடிவருவார். "என்னப்பா, உடைஞ்சு போச்சா?" "அது உடைஞ்சதாலதாங்க ஷாஃப்ட் தப்பிச்சுது." உடைவதற்கென்றே மெலிவாக வார்த்து வைத்த துண்டு அது.

ஜாவில் இறங்கிய கல்லைக் கோன் கிரஷர் இன்னும் சிறிதாக்கும். எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல் வேண்டுமென்றால் அடுத்து வி.எஸ்.ஐ. எந்திரம். சுழலும் ரோட்டர் கல்லை நொடிக்கு 50 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீச, கல்லே கல்லில் மோதி உடையும். முனை மழுங்கி உருட்டாக வருவது இதனால்தான்.

உடைக்கிற எந்திரங்களைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஜல்லியின் தரம் சல்லடையில் இருக்கிறது என்பது என் கட்சி. சரிவாக நிற்கும் இரண்டு மூன்று அடுக்கு மேஷ். எடை கட்டிய ஷாஃப்ட் அதை நிமிடத்துக்கு 800, 900 தடவை உதறும். மேலே தங்கும் பெரிய கல் திரும்பவும் கோனுக்குப் போகும். மற்றவை 20 மி.மீ. முக்கால் ஜல்லி, 12 மி.மீ. அரை ஜல்லி, 6 மி.மீ. சிப்ஸ் என்று தனித்தனி பெல்ட்டில் இறங்கும்.

மேஷ் கம்பி தேயத் தேயக் கண் அகலும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இது. ஒரு கம்பி அறுந்துவிட்டாலோ ஒன்றரை ஜல்லி முக்கால் குவியலில் விழுந்துகொண்டே இருக்கும். மேஷ் மாற்ற ஓட்டத்தை நிறுத்த வேண்டும். லோடுக்கு லாரிகள் வரிசையில் நிற்கும்போது யாருக்கு மனசு வரும்? அவசரத்துக்கு ஃபீடைக் கூட்டினாலும் கோளாறுதான். மேஷின் மேல் கல் கனமாகப் படிந்தால் பொடிக்கல் கண்ணைத் தொடாமலே பெரிய கல்லோடு போய்விடும்.

லோடு இறங்கியதும் இரண்டு கையிலும் அள்ளிப் பாருங்கள். தட்டைக்கல்லும் ஊசிக்கல்லும் நிறைய இருந்தால் கான்கிரீட் சரியாக இறுகிப் படியாது. அந்த இரண்டின் குறியீடும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383. எம்-சாண்ட் என்ற பெயரில் வெறும் கிரஷர் டஸ்ட்டை இறக்குவதும் நடக்கிறது. கண்ணாடி பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் சேற்றுப் படலம் தடிமனாக இருந்தால் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். பொதுப்பணித் துறை ஒப்புதல் பெற்ற ஆலையா என்றும் கேட்கலாம்.

பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வருவது சிலிக்கோசிஸ். பிறகு அதைக் குணப்படுத்த வழியில்லை. அதனால்தான் தாடை வாயிலும் பெல்ட் கொட்டும் இடங்களிலும் தண்ணீர் தெளிக்கும் குழாய் வைக்கிறார்கள். ஆனால் ஈரம் கூடினால் தூசி மேஷ் கண்ணில் அப்பிக்கொள்ளும், சலிப்பு நின்றுவிடும். நான் இருந்த ஒரு இடத்தில் இதைச் சொல்லியே தண்ணீர் மோட்டாரை ஆஃப் பண்ணி வைப்பார்கள். அதிகாரிகள் வருகிற அன்றைக்கு மட்டும் ஓடும். செய்யவேண்டியது வேறு. சல்லடையைத் தகரம் போட்டு மூடி, தூசியை ஃபேன் வைத்து உறிஞ்ச வேண்டும், தண்ணீரைப் புகைபோலப் பீய்ச்சும் நாசில் போட வேண்டும். செலவுதான். ஒரு செட் தாடைத் தட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் பணம் எடுக்கிறவர்கள் இதற்கு மட்டும் அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார்கள்.