எந்த ஏலம் நல்ல ஏலம்?

போடிநாயக்கனூர்ல 'ஏலம்'னு சொன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு செடி. இன்னொண்ணு, அந்தச் செடியோட காயை விலை பேசுற ஏலம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் ஒன்று போடியில் இருக்கு, இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் இருக்கு. அங்க விலை ஏறுறதும் இறங்குறதும் காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்துத்தான். ஆனா அந்தப் பருமனுக்கான பாதி முடிவு பல வருஷம் முன்னாடியே, செடி நட்ட அன்னைக்கே எடுத்தாச்சு.

அந்த முடிவைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நீங்க தோட்டக்காரரா இருக்கணும்னு இல்லை. வீட்டு வாசல்ல நாலு தொட்டி வைக்கிற ஆசை இருந்தாலே போதும்.

ஆறு செமஸ்டர் கழிச்சு ரிசல்ட்

கத்தரிச் செடியில் தப்பான ரகம் வாங்கிட்டா பெரிய நஷ்டம் இல்லை. சில மாசத்துல தெரிஞ்சிடும், அடுத்த பட்டத்துக்கு மாத்திக்கலாம். ஏலம் அப்படி இல்லை. அது பல்லாண்டுப் பயிர். மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கிலிருந்து புதுசு புதுசா தட்டைகள் கிளம்பிக்கிட்டே இருக்கும். தட்டையோட அடியிலிருந்து சரம் வரும், சரத்துலதான் பூவும் காயும். நட்டு மூணாவது வருஷம் வாக்கில்தான் ஒழுங்கா காய்ப்புக்கு வரும். முதல் செமஸ்டர்ல எழுதின பரீட்சைக்கு ஆறாவது செமஸ்டர்ல ரிசல்ட் வந்தா எப்படி இருக்கும்? அதனாலதான் பல்லாண்டுப் பயிர் வளர்க்கிறவங்க சந்திச்சா முதல்ல "உங்ககிட்ட என்ன ரகம், எப்படி வருது?"ன்னு கேட்டுக்கிறாங்க. அடுத்தவரோட மூணு வருஷ அனுபவம் நமக்கு இலவசமா கிடைக்குது.

மூணு குடும்பம்

ஏலத்தை அடையாளம் காண சரத்தைப் பாருங்க. சரம் தரையோட தரையா படர்ந்து கிடந்தா அது மலபார் வகை. செடி நடுத்தர உயரம். 600 முதல் 900 மீட்டர் உயரத்துல நல்லா வரும், மழை கொஞ்சம் குறைஞ்சாலும் தாக்குப்பிடிக்கும். சரம் நிமிர்ந்து நின்னா மைசூர் வகை. செடி நல்ல உயரமா, தடிமனா இருக்கும். 900 முதல் 1,200 மீட்டர் வரை அதுக்கு ஏத்த இடம். ரெண்டுக்கும் நடுவுல, பாதி நிமிர்ந்து பாதி சாய்ஞ்ச மாதிரி இருந்தா வழுக்கை. இது முதல் ரெண்டும் இயற்கையா கலந்து வந்த வகை.

இதுல எது பெஸ்ட்? கேள்வியே முழுசா இல்லை. 'எந்த உயரத்துல, எவ்வளவு தண்ணியில, எவ்வளவு நிழல்ல'ன்னு சேர்த்துக் கேட்டாத்தான் பதில் வரும். மோட்டார் டேட்டாஷீட்ல எஃபிஷியன்சி மட்டும் பார்த்துட்டு, அது எந்த லோடுல எடுத்த அளவுன்னு பார்க்காம விட்டா என்ன ஆகும்னு லேப்ல பார்த்திருக்கோமே, அதேதான்.

ஞள்ளானியின் கதை

ஏலமலையில இப்போ ரகம்னு பேச்செடுத்தாலே வர்ற பேர் ஞள்ளானி. நம்ம பக்கத்து வாயில 'நல்லாணி'. இதை உருவாக்கினது ஆராய்ச்சி நிலையம் இல்லை. இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தன் அப்பாவோட சேர்ந்து, தன்னோட தோட்டத்துலயே உருவாக்கினார்.

முறை ரொம்ப எளிமை. ஏலப்பூ விடிகாலையில விரியும், அதோட ஆயுள் ஒரே நாள். அதுக்குள்ள தேனீ வந்து போகலைன்னா காய் பிடிக்கிறது ரொம்பக் குறைஞ்சிடும். அதனால தோட்டத்துல தேனீப் பெட்டி வைச்சு அயல் மகரந்தச் சேர்க்கையைக் கூட்டினாங்க. நல்லா காய்ச்ச செடிகளோட விதையை முளைக்கப் போட்டாங்க. வந்த செடிகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு, தேறினதை மட்டும் வைச்சு, அதோட பக்கக்கன்றுகளைப் பிரிச்சுப் பெருக்கினாங்க. நல்ல பராமரிப்புல ஹெக்டேருக்கு 1,500 கிலோ உலர்ந்த காய் வரைக்கும் தரும்னு பேர் வாங்கின ரகம் இது. நேஷனல் இன்னொவேஷன் ஃபவுண்டேஷன் அவருக்கு விருது கொடுத்தது.

ஏன் கடைசியில பக்கக்கன்று? விதையில அப்பா யாருன்னு தேனீக்கு மட்டும்தான் தெரியும். விதைச் செடி தாய்ச் செடி மாதிரியே வரும்னு உத்தரவாதம் இல்லை. பக்கக்கன்று அப்படியே காப்பி-பேஸ்ட். தாய் எப்படியோ அப்படியே பிள்ளை.

காப்பி-பேஸ்ட்ல வைரஸும் வரும்

ஏலத்துக்குக் கட்டே நோய்னு ஒண்ணு உண்டு. இலையில வெளிர் கோடுகள் விழும், செடி வருஷா வருஷம் குறுகும். வைரஸ் நோய், அசுவினிப் பூச்சி மூலமா பரவும். வந்த செடியைக் குணப்படுத்த முடியாது, பிடுங்கி அழிக்கிறதுதான் வழி. விதை வழியா இது பரவாது. பக்கக்கன்று வழியா நல்லாவே பரவும். அதாவது தாயின் குணத்தை அப்படியே கொண்டு வர்ற அதே வழியில நோயும் வரும்.

இதுக்காகவே குடகுப் பக்கம் அப்பங்களாவில் இருக்கிற ஆராய்ச்சி நிலையம், கட்டே நோயைத் தாங்கும் 'விஜேதா' ரகத்தையும், கிழங்கு அழுகலைத் தாங்கும் 'அவினாஷ்' ரகத்தையும் வெளியிட்டது. விளைச்சல் நம்பரை மட்டும் பார்க்கிறவங்களுக்கு இந்த ரகங்களோட மதிப்பு புரியாது.

தண்ணி விஷயமும் இருக்கு. ஏலத்தோட வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே படரும். மேல்மண் காய்ஞ்சா செடி காய்ஞ்சிடும். அதிகம் காய்க்கிற ரகத்துக்குத் தண்ணி, உரம், கவனிப்பு எல்லாமே அதிகம் வேணும். 2024 கோடையில இடுக்கிப் பக்கம் வெயில்ல ஏலத்தோட்டங்கள் கருகினது நியூஸ்ல பார்த்திருப்பீங்க. அது கேரளா பிரச்சினைன்னு நினைக்காதீங்க. தினமும் காலையில போடியிலிருந்து ஜீப் ஜீப்பா போடிமெட்டு ஏறி, அந்தத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போறது நம்ம ஊர்க்காரங்க. அந்தக் காயை உட்கார்ந்து தரம் பிரிக்கிறதும் போடிப் பெண்கள்தான். சரத்துல காய் இல்லைன்னா அவங்களுக்குக் கூலி இல்லை. மலை முழுக்க ஒரே ரகம் இருந்து, ஒரே கோடையில அத்தனையும் அடிவாங்கினா, அது எத்தனை வீட்டு அடுப்புன்னு யோசிச்சுப் பாருங்க. வறட்சி தாங்குற பழைய செடிகளை ஓரத்துல நாலு குத்தாவது வைச்சிருக்கிறது சென்டிமென்ட் இல்லை. அது பேக்கப்.

வீட்டுல வைக்கலாமா?

மலை மேல குரங்கணி, கொட்டகுடி மாதிரி ஊர்ல உங்க வீடு இருந்தா தாராளமா ஏலம் வைங்க. போடி டவுன்ல, மொட்டை மாடியில வைச்சா இலை வரும், காய் சந்தேகம். சூடு அதிகம், ஈரப்பதம் குறைவு.

கீழே இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது மிளகு. அதுவும் புதர் மிளகு. மிளகுக் கொடியில மேல ஏறுற தண்டை வெட்டி நட்டா கொடியாகும். பக்கவாட்டுல போற காய்க்கும் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைச்சா, அது ஏறவே ஏறாது, தொட்டியில புதரா நின்னு காய்க்கும். செடி ஒண்ணுதான், வெட்டுற இடம் மாறினா வடிவமே மாறுது! ரகத்துல, பன்னியூர்-1 நல்ல வெளிச்சம் கேட்கும் கலப்பின ரகம். கரிமுண்டா நிழலையும் பொறுத்துக்கும் பழைய நாட்டு ரகம். உங்க மாடியில வெயில் எவ்வளவு நேரம் விழுதுன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

கருவிக்குப் பெருசா செலவு வேண்டாம். நல்ல கூர்மையான கத்தரி, ஒரு நிழல் வலை, ஒரு தராசு போதும். ஏலத்தோட தூர்ல மட்டும் களைக்கொத்து போடாதீங்க, மேல் வேர் அறுந்திடும். களையைக் கையால பிடுங்கி, காய்ஞ்ச இலையால மூடாக்கு போடுங்க.

ஒப்பிடுறதுன்னா இப்படி

"என் செடி உன் செடியை விட நல்லா வருது"ங்கிறது ஒப்பீடு இல்லை. ரெண்டு ரகத்தையும் ஒரே நாள்ல, ஒரே மண்ணுல, ஒரே நிழல்ல நடுங்க. ரகத்துக்கு ஒண்ணு போதாது, குறைஞ்சது மூணு வேணும். ஒரு செடி செத்துட்டா அது ரகத்தோட குறையா, அந்தக் குழியோட குறையான்னு ஒண்ணை வைச்சுச் சொல்ல முடியாது.

ஒரு நோட்டுல இதை எழுதுங்க: விதை நாற்றா பக்கக்கன்றா, நட்ட தேதி, எத்தனை தட்டை, எத்தனை சரம், எவ்வளவு தண்ணி, முதல் காய் எப்போ. காயைப் பச்சையா மட்டும் எடை போடாதீங்க. 5 கிலோ பச்சைக் காய் காய்ஞ்சா ஏறக்குறைய 1 கிலோதான். அதனால உலர்ந்த எடையைத்தான் ஒப்பிடணும்.

நர்சரியில கன்று வாங்குறப்போ "எவ்வளவு காய்க்கும்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "தாய்ச் செடி எங்க இருக்கு, போய்ப் பார்க்கலாமா?"னு கேளுங்க. காட்டினா, இலையில கோடு இருக்கான்னு முதல்ல பாருங்க. அப்புறம் சரத்தை எண்ணுங்க.