பெயர் மாறிக்கொண்டே இருந்த 91.3

தேக்காவிலிருந்து ஜூரோங் போக ஒரு தனியார் வாடகை காரில் ஏறினேன். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் விபூதி, முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார். வானொலியில் ஓடிக்கொண்டிருந்ததோ கன்ஸ் அண்ட் ரோசஸ். நான் உட்கார்ந்ததும் அவர் கை தானாக வானொலிப் பக்கம் போனது.

“ஒலி வைக்கட்டுமாம்மா?”

“இல்லண்ணே, இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் என்எஸ் பண்ணப்போ கேட்ட பாட்டும்மா இதெல்லாம். அப்ப ரேடியோவுல எப்பவாச்சும் ஒண்ணு வரும். கேசட் வாங்கித்தான் கேட்கணும். இப்ப பாரு, தினமும் போடறான். ஏன்னுதான் தெரியல.”

வானொலியில் வேலை செய்பவள் என்பதால் அந்த ‘ஏன்’ எனக்குத் தெரியும். தீவு விரைவுச்சாலையில் நெரிசல் இருந்ததால் சொல்ல நேரமும் இருந்தது. அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர் வைத்திருந்தது 91.3. சிங்கப்பூரில் அதிகம் பெயர் மாறிய அலைவரிசைகளில் ஒன்று. 1991இல் தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசி ‘ரேடியோ ஹார்ட்’ என்ற பெயரில் அங்கு ஒலிபரப்பைத் தொடங்கியது. அதுவரை உள்ளூர் வானொலி என்றாலே சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம்தான். அந்த ஏகபோகத்துக்கு வெளியே இருந்து வந்த முதல் குரல்களில் ஒன்று அது. 2000களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்சும் என்டியுசியும் சேர்ந்து ‘யூனியன்ஒர்க்ஸ்’ நிறுவனத்தை உருவாக்கின. ‘ஹார்ட்’ போய், இளையரைக் குறிவைத்த ‘டபிள்யூகேஆர்இசட்’ வந்தது. (ஆங்கில எழுத்துகளாகப் படிக்காமல் ‘விக்கர்ஸ்’ என்று சொல்ல வேண்டும். நேயருக்குப் பெயரை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலையம் பாதி தோற்றுவிட்டது என்பது என் கட்சி.) பிறகு வெறும் ‘ரேடியோ 91.3’. அப்புறம் ‘ஹாட் எஃப்எம்’. 2015இல் ‘ஒன் எஃப்எம்’. மீடியாகார்ப்பின் கிளாஸ் 95இல் பெயர் பெற்றிருந்த கிளென் ஓங்கும் ‘ஃபிளையிங் டச்மேன்’ என்ற பெயரில் அறியப்பட்டவரும் அதே ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தார்கள். 80களின், 90களின் பாடல்கள் வந்தன. அவற்றோடு கிட்டாரும் வந்தது.

அதோடு மாற்றம் நிற்கவில்லை. 2021 டிசம்பரில் எஸ்பிஎச் தன் ஊடகத் தொழிலைப் பங்குச் சந்தை நிறுவனத்திலிருந்து பிரித்தது. பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துத் தராத எஸ்பிஎச் மீடியா டிரஸ்ட் அதை ஏற்றுக்கொண்டது. தமிழ் முரசு உள்ளிட்ட நாளிதழ்களும் இந்த வானொலிகளும் அப்படித்தான் கைமாறின. அன்று காலை 91.3 கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

உரிமையாளர் மாறுவது காதில் விழாது. ‘ஃபார்மட்’ மாறினால்தான் விழும். எந்த வயதினருக்கு, எந்த வகைப் பாட்டு, அறிவிப்பாளர் எவ்வளவு பேசலாம், செய்தி எத்தனை மணிக்கு என்று நிலையத்தின் முழு ஜாதகமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஃபார்மட்டை முடிவு செய்வது இசை ரசனை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் அதை முடிவு செய்வது வயது. 1988இல் 15 வயதில் கிட்டாரைக் கேட்டு மயங்கிய பையனுக்கு 2015இல் 42 வயது. கார் இருக்கிறது, வீவக வீடோ கொண்டோவோ இருக்கிறது, பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் செலவு செய்கிறார். விளம்பரதாரர்களுக்கு வேண்டியது அவர்தான். அவரை அரை மணி நேரம் காருக்குள் பிடித்து வைக்கச் சிறந்த வழி, 15 வயதில் அவர் கேட்டதைத் திரும்பப் போடுவது.

“அப்ப என் வயசைத்தான் போடறாங்கன்னு சொல்றியாம்மா?” என்றார் ஓட்டுநர். ஆமாம் அண்ணே, அதேதான்.

அவர் இளைஞராக இருந்தபோது அந்தப் பாட்டு ஏன் அரிதாக வந்தது என்பதற்கும் இதே கணக்குதான் பதில். அப்போது காசு அவர் அப்பாவிடம் இருந்தது. இதற்கு மேல், ராக் இசையோடு சிங்கப்பூருக்கு இருந்த பழைய மனத்தாங்கலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1972இல் லெட் செப்பெலின் குழுவின் கச்சேரி இங்கு நடக்காமல் போனதற்குக் காரணம் அவர்களின் நீண்ட முடி. ‘பிக்ஓ’ என்ற உள்ளூர் இசை இதழ் 1985இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு உள்ளூர்க் குழுக்களின் பாடல்களைத் தொகுத்து அது வெளியிட்ட கேசட்டின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ரேடியோவில் ஒன்றுமில்லை’. புகாரையே தலைப்பாக வைத்துவிட்டார்கள்.

ஆனால் கதவு திறந்தபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1989இல் தொடங்கிய 98.7 ‘பெர்ஃபெக்ட் டென்’ நிலையத்தின் பாடல் வரிசையில், 90களின் தொடக்கத்தில் ‘தி ஆட்ஃபெல்லோஸ்’ என்ற உள்ளூர்க் குழுவின் ‘சோ ஹேப்பி’ முதலிடத்துக்கு வந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்களோடு ஒரே வரிசையில் நின்று பிடித்த இடம் அது. வானொலியால் மட்டும் முடிகிற காரியம் இது. தேடாதவர் காதிலும் அது பாட்டைப் போட்டுவிடும்.

அப்படித் தேடாதவர் காதிலும் உள்ளூர் இசையைப் போட்ட கடைசி ஆங்கில நிலையம் என்று நான் நினைப்பது லஷ் 99.5. மீடியாகார்ப் 2004இல் தொடங்கியபோது அது மாலை நேரத்துக்கு ஏற்ற மெல்லிசை நிலையம். பின்னாளில் சுயாதீனக் கலைஞர்களுக்கும் சிங்கப்பூர்க் குழுக்களுக்கும் இடம் கொடுத்து வேறொன்றாக மாறியது. 2017 செப்டம்பரில் மூடப்பட்டது. இசைக்கலைஞர்களிடமிருந்து வந்த வருத்தம் கொஞ்சமல்ல. அதற்குள் ஸ்பாட்டிஃபை இங்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2013க்குப் பிறகு புதுப் பாட்டைத் தேடுகிற இளையர் வானொலியைத் திருப்புவதே குறைந்துபோனது.

லஷ் மூடிய சில மாதங்களில், 2018 ஜனவரியில், எஸ்பிஎச் இரண்டு புதிய நிலையங்களைத் தொடங்கியது. ஒன்று, வணிகமும் தனிநபர் நிதியும் பேசும் ‘மணி எஃப்எம் 89.3’. மற்றது, மூத்த மாண்டரின் நேயர்களுக்கான ‘ஹாவ் எஃப்எம் 96.3’. இரண்டிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எது மூடியது, எது திறந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணத்துக்கு ஒரு நிலையம், முதிர்ந்த நேயர்களுக்கு ஒரு நிலையம். இன்னும் யாருக்கும் தெரியாத பாட்டுக்கு நிலையம் இல்லை. இந்த ஊரில் நினைத்தபோதெல்லாம் புது நிலையம் தொடங்கவும் முடியாது. ஒரு பக்கம் ஜோகூர், மறுபக்கம் பாத்தாம். பண்பலையில் இடம் அவ்வளவுதான்.

இங்கே ஓட்டுநர் குறுக்கிட்டார். “நம்ம ஆளுங்க யாராச்சும் இந்த மாதிரி வாசிக்கிறாங்களாம்மா?”

“ருத்ரா தெரியுமாண்ணே?”

தெரியாது என்றார். நான் உண்மையிலேயே திகைத்துப்போனேன். ருத்ரா 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெட்டல் குழு. பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர் கதிர். டெத் மெட்டல் எனப்படும் உறுமல் இசைக்குள் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் கொண்டுவந்தவர்கள். ‘வேத மெட்டல்’ என்று அதற்குப் பெயர். முதல் இசைத்தொகுப்பு 1998இல் வந்தது. ‘பிரம்மவித்யா’ என்ற வரிசையில் 2005, 2009, 2011 ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள். 2022 வரைக்கும் புதிய தொகுப்பு வெளியிட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரு குழு, அதுவும் மெட்டல் குழு, நிலைத்திருப்பது எந்த ஊரிலும் சாதாரணமல்ல. என் ஓட்டுநர் தேசிய சேவையில் இருந்து, கேசட் தேடி அலைந்த அதே காலத்தில் அதே ஊரில் பிறந்த குழு. வாழ்நாள் முழுக்க ராக் கேட்டவர், நெற்றியில் விபூதி வைத்தவர். இவரைவிடப் பொருத்தமான நேயர் அவர்களுக்குக் கிடைப்பாரா? ஆனாலும் இருவரையும் சேர்த்து வைக்க ஓர் அலைவரிசை இல்லாமல் போயிற்று.

ஆங்கில நிலையத்துக்கு அவர்கள் இசை மிகக் கடினம். தமிழ் நிலையத்துக்கோ பாட்டு தமிழில் இல்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் தமிழுக்கு இங்கே இருப்பது ஒலி 96.8 ஒன்றுதான்.

ரேடியோ மலாயா காலத்துத் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த வரிசை அது. 1959இல் ரேடியோ சிங்கப்பூர், 1980இல் ஒலிபரப்புக் கழகம், 1994இல் ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் சிங்கப்பூர், பிறகு மீடியாகார்ப் என்று பெயர்ப்பலகை மாறினாலும் விற்கப்பட்டதில்லை. ‘ஒலிக்களஞ்சியம்’ ‘ஒலி’ ஆனது. கால்டிகாட் குன்றிலிருந்து மீடியாபொலிசுக்கு இடம் மாறியது. 91.3க்கு நேர்ந்ததுபோல் ஒரு நாள் எழுந்து பார்த்தால் நிலையமே வேறாக இருக்கும் அனுபவம் தமிழ் நேயர்களுக்கு இல்லை. அது பெரிய பாதுகாப்பு. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே கடை என்றால் எல்லாச் சரக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். செய்தி, பக்தி, பழைய பாடல், புதுப் படப் பாடல், பிள்ளைகளுக்கு, முதியோருக்கு. காலையில் பேரனும் பாட்டியும் ஒரே காரில் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு நிலையத்துக்குப் பிடிக்காததை இன்னொன்று போடும். தமிழில் அந்த ‘இன்னொன்று’ இல்லை.

அக்கரையில் நிலைமை வேறு. மலேசியாவில் அரசாங்கத்தின் மின்னல் எஃப்எம் இருக்க, ராகாவும் இருக்கிறது. அந்த ராகாவின் கதையும் 91.3ஐப் போலத்தான். 1994இல் ‘டைம் ஹைவே ரேடியோ’ என்று நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்காகத் தொடங்கியது. கைமாறி, ஃபார்மட் மாறி, கடைசியில் தமிழ் நிலையமாக நின்றது. கைமாறுவதால் இழப்பு மட்டும்தான் வரும் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூக மன்ற நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கப் போயிருந்தேன். முடிந்ததும் நான்கு பையன்கள் வந்தார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். “அக்கா, எங்க பாட்டு ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கக்கா” என்று கைப்பேசியை நீட்டினார்கள். தமிழ்ப் பாட்டு, ஆறு நிமிடத்துக்கு மேல். முதல் ஒன்றரை நிமிடம் டிரம்சும் கிட்டாரும்தான், அதன் பிறகே குரல். நன்றாக இருந்தது. நான் சொன்னது: “மூன்றரை நிமிஷமாக் குறைங்க தம்பி. குரல் முதல் பதினைந்து விநாடியில வரணும். அப்பத்தான் ரேடியோவுக்குச் சரியா வரும்.”

தொழில் ரீதியாக அது சரியான யோசனை. பாடல்களை வரிசைப்படுத்தும் ‘செலக்டர்’ போன்ற மென்பொருள்கள் உலகெங்கும் நிலையங்களில் இருக்கின்றன. (அதைத் தயாரித்த நிறுவனத்தின் சுருக்கப் பெயரும் ஆர்சிஎஸ்தான், நம் பழைய ரேடியோ கார்ப்பரேஷனைப் போலவே. உறவு எதுவும் இல்லை.) ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், மனநிலை, நீளம் என்று அடையாளம் இட்டு மணிக்கணக்கை நிரப்புவது அதன் வேலை. ஆறு நிமிடப் பாட்டு அந்தக் கணக்கில் ஒரு முள். பாட்டு ஒலிபரப்பானால்தான் எழுதியவருக்கு 1987இல் அமைந்த காம்பஸ் அமைப்பின் வழியே உரிமத்தொகை போகும். ஆகவே அந்தப் பையன்களின் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்று நான் வாதாடலாம்.

அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவன் மட்டும், “குறைச்சா அது வேற பாட்டுக்கா” என்றான். பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. இணையத்தில் ஏற்றினார்களா, படிப்பு முடிந்து என்எஸ் போனதும் குழுவே கலைந்துவிட்டதா, தெரியாது. லஷ் மூடியதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பையன்தான். ஆங்கிலத்தில் பாடியிருந்தால், 2017க்கு முன் வந்திருந்தால், அவனிடம் ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்லி அங்கே அனுப்பு என்று சொல்லியிருப்பேன்.

புது நிலையம் வேண்டும் என்று கேட்பது எளிது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இரவு 11 மணிக்குமேல் ஒரு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் போதும். ஆறு நிமிடப் பாட்டைக் குறைக்காமல் போடலாம், தமிழ் ராப்பும் ராக்கும் போடலாம், தமிழர்கள் வேறு மொழியில் பாடுவதையும் போடலாம். கேட்பவர் குறைவாக இருப்பார் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். அந்த நேரத்தில் பாட்டிகள் தூங்கிவிடுவார்கள். தூங்காத பாட்டி யாராவது இருந்தால் அவருக்கும் பிடிக்கலாம், யார் கண்டார்?

கார் ஜூரோங்கில் என் புளோக்குக்குக் கீழே நின்றது. “அந்தப் பேரு என்னம்மா சொன்னே? எழுத்துக்கூட்டிச் சொல்லு” என்றார் அண்ணன். சொன்னேன். கைப்பேசியில் தட்டினார். டிரம்ஸ் காரை நிறைத்தது. பின்னால் உறுமல். சின்னப் பிள்ளையார் லேசாக ஆடினார்.

“ரொம்பச் சத்தமால்ல இருக்கு” என்றார்.

நான் மின்தூக்கிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது கார் இன்னும் கிளம்பவில்லை. பாட்டும் நிற்கவில்லை.