யோஷிதோஷி வரைந்த முற்கால மகளிர்

மகளிர் எழிலைப் பொருளாகக் கொண்ட ஜப்பானிய ஓவியங்கள் 'பிஜின்கா' எனப்படும். ஓவியர் வரைய, செதுக்குவோர் மரத்தில் வெட்ட, அச்சிடுவோர் வண்ணந்தோறும் தனிக்கட்டை கொண்டு பதிப்பித்தவை அவற்றுட் பல. 1888ஆம் ஆண்டில் வெளிவந்த சுகியோகா யோஷிதோஷியின் 'ஃபூசோகு சான்ஜூனிசோ' அவ்வகையினது. முற்காலத்தைக் காட்டும் படைப்பினை எக்காலத்திற்குச் சான்றாகக் கொள்வது என்னும் வினாவை அஃது எழுப்புகின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

இத்தொகுதியின் பெயரே இருபொருள் தருவதாகும். 'ஃபூசோகு' என்பது நடையுடை வழக்கங்களையும், 'சான்ஜூனி' என்பது முப்பத்திரண்டினையும், 'சோ' என்பது தோற்றக் கூற்றினையும் குறிக்கும். புத்தர்பிரான் திருமேனிக்குரிய முப்பத்திரண்டு இலக்கணங்களையும் ஜப்பானியர் 'சான்ஜூனிசோ' என்றே வழங்குவர். 'சோ' என்னும் அவ்வொலியே சொல்லின் ஈற்றில் நின்று, 'போலத் தோன்றுதல்' என்னும் பொருளையும் தரும். ஆதலின் 'நோவது போலும்', 'தொல்லையுறுவது போலும்' என இப்படங்கள் பெயர் பெறுகின்றன. பெயரை அடுத்துக் காலமும் பெண்ணின் நிலையும் குறிக்கப்படும்.

பச்சை குத்தும் நோவினைத் துணியைக் கடித்து அடக்கும் பரத்தை கான்செய் காலத்தவள் (1789–1801). பூனையை இறுகத் தழுவும் கன்னியும் அக்காலத்தவளே. அங்குத் தொல்லையுறுவது பூனை போலும்! புகை தாங்காது வருந்தும் இல்லத்தரசி கியோவா காலத்தவள் (1801–1804). உலாவ விரும்பும் மற்றொருத்தியோ மேனாட்டுடை அணிந்த மெய்ஜி காலத்து மனைவி. காலவேறுபாடு உடையிலும் கூந்தல் முடிப்பிலும் புலனாகின்றது. நோவும் விருப்பமும் எக்காலத்திற்கும் பொதுவானவை.

யோஷிதோஷி பிறந்த ஆண்டு 1839. கான்செய் மகளிரை அவர் நேரிற் கண்டிலர். அம்மகளிரைத் தம் காலத்தவராகக் கண்டு வரைந்த உதாமரோ 1806இலேயே மறைந்தார். எனவே, யோஷிதோஷியின் படங்களைக் கான்செய் காலத்து நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதுபற்றி அவற்றைப் பயனற்றவை எனத் தள்ளுதலும் தகாது. மெய்ஜி ஆட்சி 1868இல் தொடங்கியபின் பழவழக்கங்கள் விரைந்து மாறின. மணமான மகளிர் பற்களைக் கருமையாக்கும் வழக்கத்தைப் பேரரசியே 1873இல் கைவிட்டார். இங்ஙனம் மாறிவந்த காலத்தவர், தம் முன்னோரை எவ்வாறு நினைந்தனர் என்பதற்கு இத்தொகுதி நேர்ச்சான்றாகும்.

முற்காலத்தைப் பாடும் நூலினை ஆராய்வோர்க்கும் இதுவே நெறி. பாடப்பட்ட காலம் ஒன்று. பாடிய காலம் மற்றொன்று. இரண்டினையும் பிரித்தறிந்த பின்னரே அந்நூலைச் சான்றாகக் கொள்ளுதல் முறையாகும்.