நாம், நாங்கள், கயிறு

தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. எந்தப் பன்மைக்குள் நின்றுகொண்டு ஒருவர் 'நான்' என்கிறார் என்பது இலக்கணப் பிரச்சினை மட்டுமல்ல. 'நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?' என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விசாரிக்கும்போது அவர் தேடுவது நம் விலாசத்தை அல்ல. தன் 'நாங்கள்' எங்கே முடிகிறது என்பதைத்தான்.

இந்த எல்லை மனதுக்குள் வேலைசெய்யும் விதத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தில் யூதராகப் பிறந்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்துக்காரர் என்பதை மறைத்து, பிரெஞ்சுப் போர்க்கைதியாக உயிர்பிழைத்தார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் அநேகமாக யாரும் மிஞ்சியிருக்கவில்லை. எந்தக் குழுவில் எழுதப்படுகிறோம் என்பது சாவா வாழ்வா என்று தீர்மானித்ததை அனுபவத்தில் கண்டவர் அவர்.

பிரிஸ்டலில் அவர் நடத்திய பரிசோதனைகள் 1970, 71இல் வெளியாயின. பள்ளிப் பையன்களுக்குச் சில ஓவியங்களைக் காட்டி, 'நீ க்ளேயின் ரசிகன், நீ காண்டின்ஸ்கியின் ரசிகன்' என்று பிரித்தார்கள். உண்மையில் அது சீட்டுக் குலுக்கல்தான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட எவனுக்கும் தெரியாது. பிறகு, தனக்கல்லாமல் மற்ற இருவருக்குக் காசு பிரித்துத்தரச் சொன்னார்கள். பெரும்பாலோர் தன் குழுக்காரனுக்கே கூடுதலாகத் தந்தார்கள். இதில் ஆச்சரியமில்லை, 'நம்ம ஆளு' என்ற சொல்லை அறிந்தவர்கள் நாம். ஆச்சரியம் வேறொன்றில் இருக்கிறது. ஓர் அட்டவணையின் ஒரு முனையில் நம்மவனுக்கு 19, மற்றவனுக்கு 25. மறுமுனையில் நம்மவனுக்கு 7, மற்றவனுக்கு 1. நம்மவனுக்கு வரவு குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவனைவிட ஒருபடி மேலே இருக்கவேண்டும் என்று இரண்டாவது முனைப் பக்கமே சாய்ந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆதாயத்தைவிட வித்தியாசம். தன்மதிப்பின் ஒரு பகுதி குழுவிலிருந்து வருகிறது, அதனால் குழு உயர்ந்தால் 'நானும்' உயர்கிறேன் என்று 1979இல் ஜான் டர்னருடன் சேர்ந்து இதைக் கோட்பாடாக்கினார்.

இங்கே ஒரு வசதியான வாசிப்பு காத்திருக்கிறது: 'பாத்தீங்களா, மனுஷ சுபாவமே அப்படித்தான். சாதியும் அதுல ஒண்ணு.' இதை நான் மறுக்கிறேன். அந்தப் பையன்களின் குழுக்கள் சமமானவை. பகிர்ந்துதரும் அதிகாரமும் எல்லோருக்கும் இருந்தது. நம் ஊரில் அட்டவணை எல்லோர் கையிலும் தரப்படவில்லை. நிலம், குளம், கோயில், பள்ளி நிர்வாகம் என்று பங்கிடும் பேனா சிலர் கையிலேயே இருந்து வந்திருக்கிறது. அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியிலும் கீழே மிதிக்க ஒருவன் இருப்பதால் ஏணியைத் தள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. 7க்கும் 1க்கும் உள்ள இடைவெளியை ரசிக்கும் மனம் அந்த ஏணியை நிலைக்கவைக்கிறது. ஆனால் ஏணியைச் செய்தது அந்த மனம் அல்ல.

தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் கையில் கட்டும் நிறக் கயிறுகளை இப்படித்தான் பார்க்கவேண்டும். கயிறு சாதியை உண்டாக்குவதில்லை. பெயர் சொல்லி அழைக்கவேண்டிய ஒரு பதின்மூன்று வயதுப் பையனை நிறமாக்கிவிடுகிறது. அவன் அடித்தால் 'நாங்க அடிச்சோம்', அடிபட்டால் 'எங்களை அடிச்சுட்டாங்க'. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார், தடுக்கவந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் உடன்படித்த ஆதிக்கசாதி மாணவர்கள். அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடைசெய்யச் சொன்னது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் சொன்னது. இரண்டாவது பரிந்துரையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பையனின் மணிக்கட்டுக்கு முன்பே பெயர்ப்பலகையில் கயிறு கட்டியாகிவிட்டது.

சரி, சேர்ந்து பழகவிட்டால் போதாதா? 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முஸாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டிவைத்துப் பகை மூளுவதைக் கண்டார். பிறகு ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தார். சாப்பாட்டையே தூக்கி எறிந்துகொண்டார்கள். தண்ணீர் நின்றுபோய், இரு அணியும் உழைத்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில்தான் பகை மெல்லத் தணிந்தது. சமபந்தி போஜனத்தால் மட்டும் சாதி ஒழியாது என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். ஷெரீஃபின் சிறுவர்கள் ஒரே வர்க்கம், ஒரே நிறம். தண்ணீர்த் தொட்டி இருவருக்கும் பொது. தொட்டியே பொதுவாக இல்லாத ஊரில் முதலில் தீர்க்கவேண்டியது தொட்டிப் பிரச்சினையை.

எல்லா 'நாங்கள்'களையும் ஒரே தராசில் வைத்து, 'தலித்துகள் மட்டும் அடையாளம் பேசலாமா?' என்று கேட்பவர்கள் நம் இலக்கியக் கூட்டங்களிலும் உண்டு. தாழ்த்தப்பட்ட குழுவினருக்கு மூன்று வழிகள் இருப்பதாகத் தாஜ்ஃபெல் பார்த்தார்: தனியாளாகத் தப்பித்துப்போவது, இழிவென்று சொல்லப்பட்டதற்குப் புது அர்த்தம் தருவது, அமைப்பையே எதிர்த்து நிற்பது. முதல் வழியில், பட்டணத்தில் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லி வாடகைவீடு தேடுபவர் நிற்கிறார். இரண்டாவதை அயோத்திதாசர் செய்தார். 1907இல் பத்திரிகை தொடங்கி, பறையர் எனப்பட்டவர்களைப் பூர்வ பௌத்தர்களாக வாசித்துக்காட்டினார். மூன்றாவது இன்றும் நடக்கிறது.

மேலிருந்து சொல்லப்படும் 'நாங்கள்' கதவைச் சாத்துகிறது. கீழிருந்து வரும் 'நாங்கள்' கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிவிக்கிறது. இரண்டும் ஒரே சொல், ஆனால் ஒரே செயல் அல்ல. மேடையேறி 'தமிழர்களாகிய நாம்' என்று தொடங்கும் நண்பர்கள், அந்த 'நாம்' என்பதற்குள் சேரிக்காரர் எப்போது வந்தார், யார் அழைத்து வந்தார் என்றும் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரட்டும்.