அறுபதுக்குப் பின் வில்லும் தோளும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என்னிடம் வந்தவர், 64 வயதான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வலது தோளைத் தூக்க இயலவில்லை. சட்டைக்குள் கையை நுழைப்பதற்கு மனைவியின் உதவி தேவைப்பட்டது. தலை வாருவதற்கு இடது கையைப் பழக்கிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. மறுவாழ்வு மருத்துவத் துறையில் இவையெல்லாம் நாங்கள் அன்றாடம் காண்பவையே. "முன்பு கைக்கு வேலை தரும் பழக்கம் ஏதேனும் இருந்ததா?" என்ற வழக்கமான கேள்விக்கு அவர் அளித்த விடைதான் வழக்கத்திற்கு மாறாக இருந்தது. "மூங்கில் வில்லில் அம்பெய்வேன், டாக்டர். இருபது ஆண்டுப் பழக்கம். எட்டு மாதங்களுக்கு முன் விட்டுவிட்டேன்."

தோளில் இலேசான வலி தோன்றிய காலத்தில், "இந்த வயதில் வில் எதற்கு? விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சொன்னவர் ஒரு மருத்துவர் என்பதால் ஆசிரியர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். வில் பரணுக்குப் போயிற்று. வலிக்கு அஞ்சித் தோளையும் அசைக்காமல் வைத்துக்கொண்டார். நீரிழிவும் அசைவின்மையும் சேர்ந்து, சிறு தசைநாண் அழற்சியாக இருந்தது உறைந்த தோள்பட்டையாக மாறிவிட்டது. மாலைதோறும் மைதானத்தில் நடந்த நடையும் நின்றுபோனதால் சர்க்கரையின் அளவும் ஏறியிருந்தது. விட்டுவிடச் சொல்வது மருத்துவருக்கு எளிதான அறிவுரை. அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

மரபு வில் என்று இங்கே நான் குறிப்பிடுவது மூங்கில், மரம் முதலியவற்றால் ஆன, கப்பியோ குறிநோக்கும் கருவியோ பொருத்தப்படாத வில்லை. நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' என்னும் போட்டிப் பிரிவில் 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் எய்யப்படுவது மூங்கில் வில்லே. ஜப்பானியரின் கியூடோ கலையில் ஆளைவிட உயரமான வில்லைக் கொண்டு 28 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எய்கின்றனர். அங்கே முதியோர் பலர் அதைத் தொடர்ந்து பயில்கின்றனர்.

இந்த வில்லுக்கும் கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோள் நன்றாகவே அறியும். காம்பவுண்ட் வில்லில் நாணை முழுமையாக இழுத்த பின் சுமையின் பெரும்பகுதியைக் கப்பி ஏற்றுக்கொள்ளும். மரபு வில்லில் நிலைமை நேர்மாறானது. இழுக்க இழுக்கச் சுமை கூடும். முழுமையாக இழுத்து, குறி பார்த்து நிற்கும் அந்த நொடிகளில்தான் அது உச்சத்தில் இருக்கும். ஆசிரியரின் வில் 45 பவுண்டு இழுவிசை உடையது, அதாவது ஏறத்தாழ 20 கிலோ. நாளொன்றுக்கு 100 அம்புகள் எய்துவந்தார். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மாலையில் அவருடைய தோள் இழுத்த மொத்தச் சுமை இரண்டு டன்னுக்கும் சற்று அதிகம்.

நாற்பது வயதில் அந்தத் தோள் இதைத் தாங்கியது. அறுபதில் ஏன் முணுமுணுக்கிறது?

தோள் மூட்டின் பந்தினை அதன் சிறு கிண்ணத்தில் நிலைநிறுத்திப் பிடித்திருப்பவை நான்கு தசைகள். அவற்றின் முனைகள் ஒன்றிணைந்து பந்தைச் சுற்றிப் பட்டைபோல் அமைந்திருக்கும். இதை ரொட்டேட்டர் கஃப் என்கிறோம். தசையை எலும்புடன் இணைக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தமிழில் தசைநாண் என்று பெயர். வில்லின் நாணுக்கும் உடலின் நாணுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: தேய்ந்த வில்நாணை மாற்றிவிடலாம், தசைநாணைப் பேணித்தான் ஆக வேண்டும். வயது ஏற ஏற அதன் மீள்தன்மை குறைகிறது. சிறு கிழிசல்கள் ஆறுவதற்கு நாளாகிறது. அதே காலத்தில் தசையின் அளவும் குறைந்துகொண்டே வருகிறது. வலிமையோ அதைவிட வேகமாகக் குறைகிறது.

இதைப் படித்ததும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். அறுபதைக் கடந்தவர்களின் தோளை ஸ்கேன் செய்தால், எந்த வலியும் இல்லாத பலரிடமும் தசைநாண் கிழிசல் தென்படும். அறிக்கையில் கிழிசல் என்ற சொல்லைக் கண்டதுமே வில்லைத் துறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோளின் அசைவும் வலிமையும் எவ்வாறு உள்ளன என்பதே எங்களுக்கு முதன்மையான செய்தி; படம் அதற்குத் துணை மட்டுமே.

உண்மையில் மூத்த வில்லாளிகளின் தோளைக் கெடுப்பது வயதைவிட, வில்லின் எடையைக் குறைக்க மறுக்கும் மனம் என்பதே என் அனுபவம். இதற்கு வேர் ஆழமானது. கொல்லிமலையை ஆண்ட ஓரியைச் சங்கப் புலவர்கள் வல்வில் ஓரி என்றே போற்றினர். ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூறு அவனைப் பாடுகிறது. வலிய வில்லை வளைப்பவனே வீரன் என்ற எண்ணம் நம் குருதியில் ஊறியது. ஆனால் நாம் எய்வது யானையை அன்று. வைக்கோலையோ நுரைப் பலகையையோதான். அதற்கு 25 பவுண்டு போதும்.

முதுமையில் வில் கூடாது என்று சொல்வோருக்கு விளையாட்டு வரலாறே மறுமொழி தருகிறது. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் வில்வித்தையில் தங்கம் வென்ற க்வீனி நியூவலுக்கு அப்போது வயது 53. ஒலிம்பிக் தங்கம் வென்ற பெண்களில் மிக மூத்தவர் இன்றளவும் அவரே. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், வில்வித்தைக் குழுப் போட்டியில் வெள்ளி பெற்ற சாமுவேல் டுவாலுக்கு வயது 68. கப்பி வில் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காலம் அது.

மருத்துவமனைக்கும் வில்லுக்கும் உள்ள உறவும் புதியதன்று. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு மருத்துவர் லுட்விக் குட்மன் வில்வித்தையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக ஆக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், போரில் காயமுற்ற 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்த மருத்துவமனை வளாகத்தில் அம்பெய்தனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுவே. நிற்க முடியாதவர்கள் அமர்ந்து எய்யலாம் என்பதை நம் நோயாளிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 16 பேர் நினைவுக்கு வருவார்கள்.

இனி, உங்களுக்கு ஏற்ற வில் எது என்று அறியும் வழி. கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து சற்றே உயர்த்திக்கொள்ளுங்கள். அம்பை ஏற்றி, இலக்கை நோக்கியே நாணை முழுமையாக இழுத்துப் பத்து நொடிகள் பிடித்து, மெல்லத் திரும்ப விடுங்கள். உடல் பின்னால் சாய்ந்தாலோ, தோள் காதை நோக்கி உயர்ந்தாலோ, கை நடுங்கினாலோ அந்த வில் உங்களுக்குக் கனமானது. அம்பில்லாமல் நாணை விட்டுவிடக் கூடாது. விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அது முறியக்கூடும். இன்னொரு செய்தி: வில்லில் பொறிக்கப்பட்டிருக்கும் எடை பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கு உரியது. அதைவிடக் கூடுதலாக இழுக்கும் ஒவ்வோர் அங்குலத்திற்கும் இரண்டு, மூன்று பவுண்டு ஏறும். குறைவாக இழுத்தால் அவ்வாறே இறங்கும்.

எய்யும்போது வில்லைப் பிடித்த தோளை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் மேலுள்ள எலும்புக்கும் கீழுள்ள பந்துக்கும் இடையில் தசைநாண் நசுங்கும். நாணைக் கையால் இழுப்பதாக எண்ணாமல், தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி நகர்த்துவதாக எண்ணி இழுங்கள்; சுமை முதுகின் பெரிய தசைகளுக்கு மாறும். மூச்சை அடக்க வேண்டாம். அசையாமல் பாரம் தாங்கிக்கொண்டு மூச்சையும் அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஓய்வு நிலையிலேயே அழுத்தம் 180/110ஐத் தாண்டுபவர்கள், அது கட்டுக்குள் வரும் வரை வில்லைத் தொடாதிருப்பது நலம்.

நாணேற்றுவதே பலருக்கு முதல் காயத்தைத் தருகிறது. வில்லைக் காலுக்கிடையில் செருகி முறுக்கி வளைக்கும் பழைய முறையை அறுபதுக்குப் பின் கைவிடுங்கள். இரு முனைகளிலும் மாட்டி, காலால் மிதித்து வளைப்பதற்கென்றே ஒரு கயிறு கிடைக்கிறது. மகனோ மகளோ நாணேற்றித் தந்தாலும் தவறில்லை. குடும்பத்தினர் செய்யக்கூடிய மற்றோர் உதவி, இலக்கில் ஆழப் பதிந்த அம்பைப் பிடுங்கித் தருவது; அந்தத் திருகலில் தோள் பிசகியவர்கள் உண்டு. ஆனால் இலக்கு வரை நடந்து செல்லும் வேலையை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள். 30 மீட்டர் தொலைவில் ஆறாறு அம்புகளாக 60 அம்புகள் எய்தால், போய்வரும் நடையே 600 மீட்டர் ஆகிறது. இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை வைத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவருக்கு நாண் முன்கையில் ஒரு முறை அடித்தாலே பெரிய இரத்தக்கட்டு உண்டாகும். கைக்காப்பு இன்றி எய்யக் கூடாது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துக்கு மூன்று என்ற அளவில் தோன்றி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும் வலிக்கு அஞ்ச வேண்டியதில்லை. அம்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எய்தால் போதும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாத திடீர் பலவீனம் இரண்டும் உடனே காட்ட வேண்டியவை.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்றை. வலக்கையால் நாணிழுப்பவர் வில்லைப் பிடிப்பது இடக்கையில். இடது தோளிலும் கையிலும் வலி வந்தால் வில் பிடித்த வலிதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவது எளிது. அந்த வலி தோளை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே அளவில் இருந்தால், அல்லது நடக்கும்போது வந்து நின்றால் தணிந்தால், அது இதயத்தின் வலியாக இருக்கலாம். வியர்வை, மூச்சிறைப்பு, நெஞ்சில் அழுத்தம், தாடை வலி இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது, 108ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

இதயத்தில் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள், பிளந்து இணைத்த நெஞ்செலும்பு கூடும் வரை, பொதுவாக மூன்று மாதங்கள், நாணிழுக்கக் கூடாது. அதன் பின்னரும் அறுவை மருத்துவரின் இசைவு வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் எந்தப் பக்கம் பொருத்தப்பட்டுள்ளது, எந்தக் கையால் இழுக்கிறோம் என்பதை இதய மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பலரும் அறியாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும்: சிறுநீர்த் தொற்று முதலியவற்றுக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அறுபதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அவற்றை உட்கொள்ளும் நாட்களில் வில் ஓய்வெடுக்கட்டும். அதன் பிறகு எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரின் தோள் இளகுவதற்கு ஆறு மாதங்கள் பிடித்தன. மூட்டில் ஓர் ஊசி, நாள்தோறும் பயிற்சி, பின்னர் ரப்பர் பட்டையை இழுத்தல், அதன் பின் அம்பில்லாத குச்சியை வில்லாகப் பாவித்துப் பழகுதல் என்று படிப்படியாகச் சென்றோம். இப்போது 26 பவுண்டு வில்லில் ஒருநாள் விட்டு ஒருநாள் 60 அம்புகள் எய்கிறார். கணக்கு அவரே போட்டுச் சொன்னார்: இரண்டு டன் இருந்த இடத்தில் இப்போது சுமார் 700 கிலோ. பழைய 45 பவுண்டு வில்லைக் கொடுத்துவிடச் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் இசையவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பரிசோதனைக்கு வரும்போது வில்லையும் எடுத்து வரச் சொல்லுங்கள்; அவர் இழுப்பதைப் பார்த்தால் ஸ்கேனில் தெரியாத பலவும் எனக்குத் தெரியும். அம்புகளை வீட்டிலேயே விட்டு, நாண் ஏற்றாமல், உறையிலிட்டு எடுத்து வரவும். ஆசிரியரை நம் வாயிற்காவலர் அரை மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார்.