ஜப்பான்ல மூங்கில் இலை... நெல்லையில பனை ஓலை! பால், நெய் இல்லாத 'வீகன்' கொழுக்கட்டை வீட்டிலேயே செய்வது எப்படி?

கார்த்திகை தீபம் நெருங்கினாலே நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் ஒரு வாசனை தெருவையே தூக்கும். பனங்குருத்தோலைக்குள் வேகும் கருப்பட்டிக் கொழுக்கட்டையின் வாசனைதான் அது. பால் கிடையாது, நெய் கிடையாது. இன்னைக்கு 'வீகன்' என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறார்களே, அந்த வகைப் பலகாரம் இந்த மண்ணில் எப்போதோ இருக்கிறது.

சுவாரஸ்யம் என்னவென்றால், இதற்கு ஜப்பானிலும் ஒரு பங்காளி உண்டு.

ஜப்பான் கொழுக்கட்டையில் என்ன இருக்கு?

ஜப்பானியக் கொழுக்கட்டை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'கியோசா'. அது கோதுமை மாவில் செய்வது, உள்ளே பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். காய்கறி வைத்தும் செய்கிறார்கள்.

ஆனால் நம்ம ஓலைக் கொழுக்கட்டைக்கு நெருக்கமானது நீகாட்டா பகுதியின் 'சசா டாங்கோ'. அரிசி மாவில் 'யோமோகி' என்ற மூலிகை இலையைச் சேர்த்துப் பிசைகிறார்கள். உள்ளே 'அசுகி' என்ற சிவப்புப் பயறில் செய்த இனிப்புப் பூரணம். அதை மூங்கில் இனத்தைச் சேர்ந்த 'சசா' இலையில் சுற்றி, நாரால் கட்டி, ஆவியில் வேக வைக்கிறார்கள். இதிலும் பால், நெய் இல்லை.

அங்கே மூங்கில் இலை, இங்கே பனை ஓலை. இலையின் மணம் மாவில் இறங்குவதுதான் இரண்டுக்கும் உயிர்.

ஆத்து அரிசி, தேரிக்காட்டு கருப்பட்டி

நெல்லைக் கொழுக்கட்டையில் இரண்டு நிலங்கள் சேருகின்றன. அரிசி, தாமிரபரணி பாசனத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் விளைவது. கருப்பட்டியும் ஓலையும் ஆற்றுத் தண்ணீர் எட்டாத திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துச் செம்மண் தேரிகளிலிருந்து வருபவை. உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

தேவையான பொருட்கள்

பச்சரிசி மாவு 2 கப், தட்டிய கருப்பட்டி 1¼ கப், தேங்காய்த் துருவல் 1 கப், பாசிப்பருப்பு ¼ கப், சுக்கு, ஏலக்காய் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, பனங்குருத்தோலை.

செய்முறை

1. ஓலையைக் கழுவித் துடைத்து, அரை அடி நீளத் துண்டுகளாக நறுக்கவும்.

2. மாவை வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுக்கவும். பாசிப்பருப்பையும் வறுத்து, குழையாமல் வேக வைக்கவும்.

3. ஒரு கப் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டவும். மண், தூசி இருக்கும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. பிறகு நன்றாகக் கொதிக்க விடவும்.

4. மாவு, பருப்பு, தேங்காய், சுக்கு, ஏலக்காய், உப்பைக் கலந்து, கொதிக்கும் கருப்பட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறவும். கை பொறுக்கும் சூட்டில் பிசையவும். பிடித்தால் பிடிபட வேண்டும், கையில் ஒட்டக் கூடாது.

5. ஓலையின் மடிப்பில் மாவை வைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டவும். இட்லிக் கொப்பரையில் 20 முதல் 25 நிமிடம் வேக வைத்தால் ரெடி.

ஏன் விரிஞ்சு போகுது?

பலரும் சொல்லும் குறை இதுதான். கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் 'குளூட்டன்' இருக்கிறது, அரிசியில் அது கிடையாது. அரிசி மாவில் இருக்கும் மாவுச்சத்து கொதி நீர் பட்டால்தான் வெந்து பசையாகும். ஆறிய பாகை ஊற்றினால் மாவு உதிரும், விரியும். ஜப்பானில் மாவுச்சத்தின் தன்மையாலேயே ஒட்டும் ஒரு தனி அரிசியைக் கலப்பதால் அந்தச் சிக்கல் குறைவு.

சசா டாங்கோ மாதிரி செய்ய ஆசையா? கருப்பட்டி சேர்க்காமல் வெறும் கொதி நீரில் மாவைப் பிசைந்து, சிவப்புத் தட்டைப்பயறை வேக வைத்து மசித்து, கருப்பட்டி சேர்த்துப் பூரணமாக்கி உள்ளே வையுங்கள். அசுகியும் தட்டைப்பயறும் ஒரே பேரினம். தட்டைப்பயறு ஜப்பானிலும் 'சசாகே' என்ற பெயரில் சமையலில் இருக்கிறது.

அசல் கருப்பட்டியா, சீனியா?

பிரச்சினை இங்கேதான். பதநீர் இறக்கும் காலம் கோடையை ஒட்டியது. கார்த்திகைக்கு வீட்டுக்கு வருவது சேமித்து வைத்த கருப்பட்டி. விலை சீனியை விடப் பல மடங்கு அதிகம் என்பதால் சீனி கலப்படம் பற்றிய புகார்கள் ஓயவில்லை. வீட்டில் நூறு சதவீதம் கண்டுபிடிக்க வழியில்லை. பனை மணம் இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் யோசிக்க வேண்டும். தெரிந்த பனையேறிகளிடமோ, அவர்களின் கூட்டுறவுச் சங்கங்களிலோ வாங்குவது நல்லது.

இன்னொன்று, கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சுகர் இருப்பவர்கள் 'நாட்டுப் பொருள்தானே' என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது.

ஓலை எங்கே போகும்?

பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 ஆகஸ்ட்டில் தாக்கலான வேளாண் பட்ஜெட்டில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்க இது உதவும். ஆனால் ஏறுவதற்கு ஆள்? பதநீர் காலத்தில் தினமும் காலையும் மாலையும் ஏற வேண்டும். கை தவறினால் உயிருக்கே ஆபத்து. அடுத்த தலைமுறை இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறது.

ஓலை வெட்டுவதிலும் கவனம் தேவை. பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்று. ஓலையை மட்டும் எடுக்காமல் குருத்தை அடியோடு வெட்டினால் மரம் பட்டுப் போகும்.

இந்தக் கார்த்திகைக்கு ஓலை வாங்கும்போது, பேரம் பேசுவதற்கு முன் அதை இறக்கியவரின் உழைப்பையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் ஏறினால்தான் அடுத்த வருஷமும் நம்ம கொப்பரையில் அந்த வாசனை வரும்.