கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி

கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி என்பது சரக்குந்து (லாரி), பேருந்து முதலிய பெரிய ஊர்திகளை ஓட்டுவதற்கு அளிக்கப்படும் முறையான பயிற்சி ஆகும். பாடம், செய்முறை ஆகிய இரண்டும் இதில் அடங்கும். கற்பவர் தாமே ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிய நேரமே செய்முறைக்குக் கணக்காகும். வண்டியில் உடன் அமர்ந்து சென்ற நேரம் கணக்காகாது.

பின்னணி

தமிழ்நாட்டில் லாரி ஓட்டுநர்களுள் பலர் பள்ளியில் கற்றவர்கள் அல்லர். கிளீனராகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் உடன் சென்று, வெறுஞ்சாலையில் மூத்த ஓட்டுநர் வண்டியைக் கொடுக்கும்போது ஓட்டிப் பழகியவர்கள். இம்முறை சட்டத்திற்குப் புறம்பானது எனினும், சுமையேற்றிய வண்டியில் நெடுநேரப் பழக்கத்தைத் தந்தது. கிளீனர் இன்றி ஓடும் லாரிகள் பெருகியதால் இவ்வழி குறுகிவிட்டது.

சட்ட விதிகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, போக்குவரத்து ஊர்தி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். பழகுநர் உரிமம் பெறுமுன் இலகுரக ஊர்தி உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், இப்பயிற்சிக்குக் குறைந்தது 30 நாட்களும், அதில் உண்மையான ஓட்டும் நேரம் குறைந்தது 15 மணியும் வேண்டும் என்கின்றன. பயிற்சி ஊர்தியில் இரட்டைக் கட்டுப்பாடு இருத்தல் கட்டாயம்.

15 மணி என்பது நாளொன்றுக்கு அரை மணி. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சென்று வரும் வண்டியில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கால் மணியே. இவ்வாறு 30 நாள் சென்றாலும் ஏழரை மணிதான் தேறும். இதனைக் காட்டும் ஆவணம் படிவம் 15 எனப்படும் பதிவேடு. ஒவ்வொரு நாளும் ஓட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றுடன் பயிற்றுநரும் கற்பவரும் அதில் கையொப்பமிட வேண்டும். ஓட்டாத நேரத்திற்குக் கையொப்பமிட்டவர் பின்னர் முறையிட ஆதாரம் இல்லாமற் போகும்.

பள்ளி அமைந்துள்ள மாநிலத்திலும் உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். புதுச்சேரியைச் சேர்ந்த பிள்ளைச்சாவடி போன்ற எல்லையோர ஊர்களுக்கு இது பயன்படும். அவ்வூருக்கும் புதுச்சேரி நகருக்கும் இடையே தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம் உள்ளது. அங்குள்ளோர் தமிழ்நாட்டுப் பள்ளியில் பயின்று அம்மாநிலத்திலேயே உரிமம் கோரலாம்.

பழக வேண்டியவை

காரில் பெற்ற பழக்கம் லாரிக்குப் போதாது. திருப்பத்தில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்ளொடுங்கி வரும். காற்றழுத்தப் பிரேக்கிற்குப் போதிய அழுத்தம் ஏறியபின்பே வண்டியை எடுக்க வேண்டும். பின்னோக்கி ஓட்டுதலும் கண்ணாடியில் தெரியாத பகுதிகளைக் கணித்தலும் திரும்பத் திரும்பச் செய்தாலன்றி வாரா.

இறக்கத்தில் பிரேக்கையே தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப்பிடிக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் வழக்கம் தருமபுரி மாவட்டத் தொப்பூர் கணவாயில் நிகழும் லாரி விபத்துகளுக்கு ஒரு காரணமாகும். பயிற்சி வண்டியோ பெரும்பாலும் சுமையின்றி, சமதளத்தில் ஓடுகிறது. விதிகள் கூறும் 15 மணியிலும் இக்குறை தீராது.

பயிற்சி நிலையங்கள்

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஊர்திப் பயிற்சி நிலையமும், லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையமும் உள்ளன. 2021 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக ஊர்திப் பயிற்சி, பாடமும் செய்முறையும் சேர்த்து, 38 மணி என வரையறுக்கின்றன. இதனை ஆறு வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். இம்மையங்களில் பாவிப்பு இயந்திரமும் (சிமுலேட்டர்) ஓடுதளமும் இருத்தல் வேண்டும்.

பிற நாடுகளில்

தமிழர் பலர் வாழும் கனடாவின் ஒன்றாரியோ மாகாணம் 2017 சூலை 1 முதல், இழுவை லாரி உரிமத்திற்குக் குறைந்தது 103.5 மணிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2018 ஏப்ரலில் பனிவளைதடியாட்ட அணியினர் சென்ற பேருந்து லாரியுடன் மோதி 16 பேர் இறந்ததையடுத்து, சசுகாச்சுவான் மாகாணம் 2019இல் 121.5 மணி என விதித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2022 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள கூட்டரசு விதி மணிக்கணக்கு எதனையும் குறிப்பிடவில்லை. கற்பவர் தேர்ச்சி பெற்றுவிட்டாரா என்பதைப் பயிற்றுநரே முடிவு செய்கிறார்.